மேடையில் முகம் இருட்டாகத் தெரிகிறது: எந்த விளக்கு, ப்ரொஃபைலா, ஃப்ரெனலா?

மேடைப்பூனை:
மேடை 24 அடி அகலம். ஹாலுக்குள் குறுக்கே ஒரு பைப் ஓடுகிறது; அங்கிருந்து நடிகர் முகத்துக்கு 20 அடி. கைவசம் 1000 வாட் பார் 64 (PAR, டப்பா வடிவ மேடை விளக்கு) ஆறு, எல்இடி பார் நான்கு. பார்களை மேடைக்கு நேர் மேலே மாட்டினால் கண்குழியில் நிழல், பின்திரையோ பளீரென்று இருக்கிறது. வாடகைக்கு எதை எடுக்கலாம்? 15 ஆம்ப் பிளக் நான்கு உண்டு.

சைக்கிளி:
ஹால் பைப்புக்கு ப்ரொஃபைல்தான் (வெளிச்சத்தின் விளிம்பைக் கூர்மையாக வெட்டக்கூடிய லென்ஸ் விளக்கு). அவ்வளவு தூரத்திலிருந்து ஃப்ரெனல் (விளிம்பு மென்மையான விளக்கு) அடித்தால் விளிம்பு கரைந்து பக்கச்சுவரிலும் முன்வரிசைத் தலைகளிலும் சிந்தும். பார்ன் டோர் (விளக்கின் முன் மாட்டும் மடக்குத் தகடு) கொஞ்சம் மறைக்கும், நேர்கோடாக வெட்டாது.

வெளிச்சம் 36 டிகிரி விரியும் ப்ரொஃபைல் 20 அடியில் சுமார் 13 அடி வட்டம் தரும். 26 டிகிரி 9 அடிதான். கணக்குக்கு இரண்டு வட்டமே 24 அடிக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் ஓரம் மங்கல், நடுவில் இருட்டுப்பட்டை விழும். மேடையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடம் வலம் 45 டிகிரியில் இரண்டு என 575 வாட் ப்ரொஃபைல் ஆறு எடுங்கள். ஷட்டர் (ப்ரொஃபைலுக்குள் தள்ளும் வெட்டுத் தகடு) வைக்கும்போது ஒன்று: மேல் ஷட்டரைத் தள்ளினால் வெளிச்சத்தின் கீழ்ப்பக்கம்தான் வெட்டுப்படும், லென்ஸ் தலைகீழாகக் காட்டுவதால்.

பார்களை நடிகருக்குப் பின்னால் உள்ள பைப்புக்கு மாற்றி, தோளிலும் முதுகிலும் விழ விடுங்கள். பின்திரை தானாக அடங்கும். பார் 64இன் வெளிச்சம் வட்டமல்ல, முட்டை வடிவம். பின்பக்க மூடியைத் திறந்து பல்பைத் திருப்பினால் முட்டையும் திரும்பும்.

ஃப்யூஸ்வயர்:
மின்சாரத்தையும் பாருங்கள். மூன்று 1000 வாட் பார் 13 ஆம்ப், மூன்று ப்ரொஃபைல் 7.5 ஆம்ப். ஆக இரண்டு பிளக் பாருக்கு, இரண்டு ப்ரொஃபைலுக்கு. காகிதத்தில் சரி. நான்கு பிளக்கும் ஒரே எம்சிபியிலிருந்து (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) வந்தால் முழு வெளிச்சம் ஏற்றியதும் டிரிப் ஆகும். ஒவ்வொரு எம்சிபியாக அணைத்து, எந்த பிளக் சாகிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

எல்இடி பாரை டிம்மர் (மின்சாரத்தைக் குறைத்து விளக்கை மங்கலாக்கும் கருவி) லைனில் சொருகவே கூடாது, உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும். நேரடி மின்சாரம் கொடுத்து, மங்கலாக்குவதை டிஎம்எக்ஸில் (விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) செய்யுங்கள். 7 சேனல் பார் என்றால் நான்குக்கும் தொடக்க முகவரி 1, 8, 15, 22. சும்மா சும்மா துடித்தால் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் முனை) இருக்கிறதா பாருங்கள். டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதில் மைக் கேபிள் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

மேடைப்பூனை:
நன்றி சார். முகத்துக்கு எல்இடி பாரையே போட்டால் வாடகை மிச்சமாகுமே?

சைக்கிளி:
சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ளது என்றால் வேண்டாம். மூன்றையும் கலந்து வெள்ளையாக்கினாலும் தோல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், மேக்கப் வெளிறும். வார்ம் வொயிட்டோ ஆம்பரோ சேர்ந்த வகையென்றால் பரவாயில்லை. ப்ரொஃபைல் வந்ததும் சேஃப்டி செயின் ஆறும் இருக்கிறதா எண்ணி வாங்குங்கள். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூட்டில் உப்பி, பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டுங்கள்.