எக்ஸ்எம்எல்-இல் டேட்டா இருக்கிறது, குவெரியில் ரிசல்ட் காலி (எஸ்க்யூஎல் சர்வர்)

கேள்வி:
வணக்கம். வங்கியிலிருந்து வரும் கேம்ட் 053 ஸ்டேட்மென்டை (கணக்கு அறிக்கைக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) டேபிளில் எக்ஸ்எம்எல் டைப் காலம் (நெடுவரிசை) ஒன்றில் ஏற்றியிருக்கிறேன். நோட்ஸ் மெத்தடில் டாக்குமென்ட் தொடங்கி என்ட்ரி வரை பாத் கொடுத்து, வேல்யூ மெத்தடில் தொகையை எடுக்கிறேன். எரர் இல்லை, ஆனால் ஒரு ரோகூட வரவில்லை. டேக் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். மாதக் கணக்கு முடிக்க வேண்டும், உதவுங்கள்.

பதில்:
முதல் டேக்கைப் பாருங்கள். டாக்குமென்ட் என்பதற்குப் பக்கத்தில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று நீளமாக ஒரு முகவரி இருக்கும். அதுதான் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ், அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம். உள்ளே இருக்கும் டேக் எல்லாம் அதற்குள் வந்துவிடும். உங்கள் பாத் தேடுவதோ நேம்ஸ்பேஸ் இல்லாத டாக்குமென்டை. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். தேடியது கிடைக்காமல் போவது பிழையில் சேராது, அதனால்தான் எரரும் வரவில்லை.

குவெரிக்கு முன்னால் வித் எக்ஸ்எம்எல்நேம்ஸ்பேசஸ் போட்டு, டீஃபால்ட் என்று சொல்லி அந்த முகவரியை அப்படியே ஒட்டுங்கள். அதற்கு முந்தைய எஸ்க்யூஎல் கட்டளை செமிகோலனில் முடிந்திருக்க வேண்டும். முகவரியின் கடைசியில் 001.02, 001.08 என்று வெர்ஷன் எண் இருக்கும். வங்கி அதை மாற்றிய அன்று ரிசல்ட் மறுபடி காலியாகும், கவனம். டேக்குக்கு முன் நட்சத்திரமும் கோலனும் போட்டால் எந்த நேம்ஸ்பேஸும் பொருந்தும். பணக் கணக்கில் அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்பேன்.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி! இப்போது கரன்சியை எடுக்கப் போனால் ‘சிங்கிள்டன் வேண்டும்’ என்று எரர். அப்புறம், பரிவர்த்தனை விவரங்களை கிராஸ் அப்ளையில் (ஒவ்வொரு என்ட்ரியோடும் அதன் விவர ரோக்களை இணைப்பது) சேர்த்ததும் மொத்தத் தொகை ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகவில்லை.

பதில்:
வேல்யூ மெத்தடுக்கு ஒரே ஒரு மதிப்புதான் கிடைக்கும் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். பாத் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, பின்னால் சதுர அடைப்பில் 1 போடுங்கள். கரன்சி அட்ரிப்யூட் என்பதால் அட் குறி போதும். டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் அட்ரிப்யூட்டைத் தொடாது.

மொத்தம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. விவரம் இல்லாத என்ட்ரியை கிராஸ் அப்ளை விட்டுவிடும். அவுட்டர் அப்ளை போட்டால் அது தங்கும். இன்னொரு பக்கம், ஒரே என்ட்ரிக்குள் பல பரிவர்த்தனைகள் இருந்தால் என்ட்ரியின் தொகை ஒவ்வொரு ரோவிலும் திரும்ப வரும், கூட்டினால் ஊதிவிடும். அதனால் மொத்தத்தை என்ட்ரி அளவிலேயே தனி குவெரியில் கூட்டுங்கள். தொகையில் கழித்தல் குறி இருக்காது என்பதால், வரவா பற்றா என்பதை அதற்கான டேக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொருவர்:
போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல்-இல் இதைச் செய்பவர்களுக்கு: அங்கே எக்ஸ்எம்எல்லை ரோக்களாகப் பிரிக்கும் எக்ஸ்எம்எல்டேபிள் ஃபங்ஷனில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் ஏற்காது. ஏதாவது ஒரு முன்னொட்டு வைத்து, பாத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் அதைச் சேர்த்துவிடுங்கள்.