பாம்பன் பழைய பாலம் மாடல், 1:100ல அஞ்சு பேரு பண்றோம், தூக்குப் பாலத்துல மாட்டிக்கிட்டோம்

சிவில்பையன்:
வணக்கம் மக்களே, நாங்க சிவில் ரெண்டாம் வருஷம், டிபார்ட்மெண்ட் எக்ஸ்போவுக்கு பாம்பன் பழைய ரயில் பாலத்தை மாடலா பண்றோம்னு வாய் விட்டுட்டோம். 1:100ன்னு முடிவு பண்ணி சன்போர்டு, எம்டிஎஃப் எல்லாம் வாங்கினதுக்கு அப்புறம்தான் ஒருத்தன் கணக்கு போட்டான், பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, மாடல் 20 மீட்டர் வருது, எங்க ஹாலே அவ்ளோ நீளம் கிடையாது. சரி அதை விடுங்க, கப்பல் போக ரெண்டு பாதியா எந்திரிக்கிற தூக்குப் பாலம் திறந்து மூடணும்னு ஆசைப்பட்டு கீல் வச்சோம், தூக்கினா பாதியோட பின் முனை, அதாவது வால் பக்கம், போய் தண்டவாளத்துல இடிக்குது. இதுல ஆளுக்கு கொஞ்சம்னு பிரிச்சு வீட்ல வெட்டிட்டு வந்தோமா, சேர்த்து வச்சா ஒருத்தன் கர்டர் (தூணுக்குத் தூண் போற இரும்பு உத்தரம்) இன்னொருத்தன் தூண்ல உக்காரவே மாட்டேங்குது, ஒரே சண்டை. 3 வாரம்தான் இருக்கு. ஸ்கேலை மாத்தலாமா?

தண்டவாளம்:
ஸ்கேலை மாத்தாதீங்க தம்பி. 1:200 போனாலும் 10 மீட்டர் வரும், டீடெய்ல்தான் போகும். முழு பாலம் யாருக்கு வேணும், 143 தூணும் ஒரே மாதிரிதான். சாதா ஸ்பேன், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளி, ஒவ்வொண்ணும் 40 அடி, உங்க ஸ்கேல்ல 12.2 செமீ. நடுவுல தூக்குப் பாலம், பக்கத்துக்கு ஆறு கர்டர், அவ்ளோதான், ரெண்டு டேபிள்ல முடிஞ்சுரும்.

1:100ல ஒரு வசதி இருக்கு. பிராட்கேஜ்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1676 மிமீ, உங்க ஸ்கேல்ல 16.76, கடையில கிடைக்கிற ஹெச்ஓ சைஸ் பொம்மை ரயில் ட்ராக் 16.5, யாரு கண்ணுக்கும் தெரியாது. ஆனா அது 2007க்கு அப்புறம் உள்ள பாலம். அதுக்கு முன்னாடி மீட்டர்கேஜ், அதுக்கு 9 மிமீ அகல என் கேஜ் (அதைவிட சின்ன சைஸ் பொம்மை ரயில்) ட்ராக் போட்டா ஓரளவு சரியா வரும். எந்த வருஷத்து பாலம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, பாலம் திறந்த 1914ன்னு போர்டு எழுதி வச்சுட்டு பிராட்கேஜ் போட்டா என்னை மாதிரி ஒரு ஆளு வந்து கேப்பான். என்னை கேட்டா 1964 டிசம்பர் புயலுக்கு மறுநாள்னு வைப்பேன், கர்டர் பெரும்பாலும் கடலுக்குள்ள, தூக்குப் பாலம் மட்டும் நிக்கும். வேலையும் கம்மி 😄

கிரீஸ்கை:
கீல்தான் தப்பு. அது ஷெர்சர் டைப், ஆடு நாற்காலி பின்னாடி சாயுற மாதிரி பாலம் உருண்டுகிட்டே எந்திரிக்கும், அதனால தூக்கும்போதே பின்னாடி நகர்ந்து போயிரும். நீங்க ஒரே இடத்துல ஆணி அடிச்சு நிறுத்திட்டீங்க, இடிக்காம என்ன செய்யும். வால் பக்கம் கால் வட்டம் மாதிரி ஒரு வளைவு வெட்டுங்க, அது சமதளத்துல உருளணும். வளைவோட ஆரம் 8 செமீன்னு வைங்க, 80 டிகிரி உருட்டினா 11 செமீ சொச்சம் பின்னாடி வரும், அவ்ளோ இடம் காலியா விடணும். வழுக்காம இருக்க நெஜத்துல பல்லு இருக்கு, உங்களுக்கு உப்புத்தாள் ஒட்டினாலே போதும். சர்வோ மோட்டார் எல்லாம் வேணாம், அங்கயே ஆளுங்க சேர்ந்து கையாலதான் தள்ளி திறந்தாங்க, நீங்களும் ஒரு கைப்பிடி வைங்க.

பசைவிரல்:
நான் ஆர்க்கிடெக்ட் ஆபீசுகளுக்கு மாடல் பண்ணி தர்றவன். ட்ராயிங்கை எல்லாரும் தனித்தனியா பிரிண்ட் எடுத்தீங்களா? யாராவது ஒருத்தன் "ஃபிட் டு பேஜ்" போட்டிருப்பான், ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. அப்புறம் இடத்தை பிரிக்காதீங்க, வேலையை பிரிங்க. வெட்டுறவன் ஒருத்தனே எல்லா கர்டரும் வெட்டணும், ஒட்டுறவன் ஒருத்தனே ஒட்டணும். ஒட்டுறதுக்கு ஒரு பலகையில சின்ன குச்சி அடிச்சு ஜிக் மாதிரி வச்சுக்கோங்க, முதல் கர்டர் எப்படியோ பன்னெண்டாவதும் அப்படியே வரும். ரிவெட்டுக்கு (இரும்பை இணைக்கிற ஆணியோட தலை) பல்குத்தி நுனியில ஃபெவிகால் தொட்டு புள்ளி வைங்க, காஞ்ச அப்புறம் பெயிண்ட். பொறுமையான பொண்ணோ பையனோ ஒருத்தர் கிட்ட மட்டும் குடுங்க, கை மாறினா புள்ளி சைஸ் மாறி அசிங்கமா தெரியும்.

சிவில்பையன்:
பசைவிரல் அண்ணா கால் எங்க, விழுறேன். ஒருத்தன் பிரிண்ட் 97 சதவீதத்துல வந்திருக்கு. 12.2 வர வேண்டிய கர்டர் 11.8, ஆறு வரிசையா வச்சா 2 செமீக்கு மேல காணோம், நாங்க ஒரு வாரமா தூணை நகர்த்திட்டு இருந்தோம். யாரு பிரிண்ட்னு கேக்காதீங்க, என்னோடதுதான்.

உருள்ற வளைவு அட்டையில வெட்டி பார்த்தோம், வேலை செய்யுது, ஆனா கையை விட்டா டொப்புனு விழுது.

கிரீஸ்கை:
வால்ல எடை வைக்கணும்ல. நெஜத்துல ஒரு பாதி 415 டன்னு சொல்வாங்க. நீளம் நூறுல ஒண்ணுன்னா கனஅளவு பத்து லட்சத்துல ஒண்ணு, அதே இரும்புல பண்ணியிருந்தா 415 கிராம் இருந்திருக்கும். உங்களுது அட்டை, அதுல பாதி கூட வராது. கணக்கு போடாதீங்க, தூண்டில்ல கட்டுற ஈயக்குண்டு வாங்கி ஒவ்வொண்ணா வால்ல ஒட்டிட்டே வாங்க, விரல்ல தொட்டா எந்திரிக்கிற அளவுக்கு வந்தா நிறுத்திருங்க. பெயிண்ட் அடிச்சுட்டு மறுபடி பாருங்க, பெயிண்டும் எடைதான்.

சிவில்பையன்:
ஏழு குண்டு ஆச்சு. நிக்குது!! இன்னொரு பாதிக்கு ஒன்பது கேக்குது, ஏன்னு புரியல, ஃபெவிகால் ஜாஸ்தி போல.

தண்டவாளம்:
போட்டோ போடுங்கப்பா. எந்த கேஜ்னும் சொல்லவே இல்ல இன்னும்.