“ஆள் கூட்டிட்டு வாங்க”: ரத்த வங்கி வாசலில் பார்த்தவை

பழைய லேப்காரர், மதுரைப் பக்கம்:

ரத்த தானம் என்றதும் முகாம், பேனர், கட்டை விரலைத் தூக்கி ஒரு போட்டோ என்றுதான் இப்போதைய பிள்ளைகளுக்குத் தோன்றும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தபோது, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் காலையிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் விற்கிறவர்கள். நோயாளியின் சொந்தக்காரர் கையில் சீட்டோடு வெளியே வந்தால் போதும், புரோக்கர் பக்கத்தில் வந்து நிற்பான்.

அப்போது எங்களிடம் ஹீமோகுளோபின் பார்க்க மெஷின் கிடையாது, மயில்துத்தக் கரைசல்தான். விரலில் குத்தி ஒரு சொட்டை அந்த நீலத் தண்ணீரில் விடுவோம். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு நேரே அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் நடுவில் தயங்கும், மேலே ஏறி மிதக்கும். பெஞ்சுக்காரர்களுக்குப் பெரும்பாலும் மிதக்கும். வேறு வேறு இடத்தில், வேறு வேறு பெயரில், மாதத்துக்கு இரண்டு முறை கொடுத்தால் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? “சார், இன்னொரு விரல்ல குத்திப் பாருங்க சார்” என்று கெஞ்சுவார்கள்.

‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பு போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்பதற்குத் தடை வந்தது. பெஞ்ச் காலியானது. ஆட்கள்? சித்தப்பாவாகவும் மச்சானாகவும் உள்ளே வந்தார்கள். ஒரு யூனிட் வேண்டுமானால் பதிலுக்கு ஒரு ஆள் கூட்டிட்டு வாங்க என்று கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லையே. அப்படி வந்த ஒருவரிடம், “பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும்?” என்றேன். “அண்ணி.” “அண்ணி பேரு?” அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பேனாவில் எழுதியிருந்தது, வேர்வையில் பாதி அழிந்திருந்தது.

காசு வாங்கிவிட்டால் ரத்தம் கெட்டுப்போகுமா என்று கேட்பார்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் சோதிக்கிறோம், சரி. ஆனால் கிருமி தொற்றிய புதிதில் கொஞ்ச நாள் அது சோதனையில் சிக்காது. அந்த நாட்களில் எங்களுக்கு இருக்கிற ஒரே காவல், டோனர் நிரப்பும் படிவம். சும்மா கொடுக்க வந்தவர், “ஆமா சார், போன மாசம் பச்சை குத்தினேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே இந்தக் காசில்தான் என்று வந்தவர், எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றுதான் போடுவார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவரிடம் வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

தலசீமியா பிள்ளையின் அம்மா:

ஐயா சொன்ன அந்த ‘ஆள் கூட்டிட்டு வாங்க’ எங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கேட்ட வசனம். மகளுக்குத் தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்தக் குறைபாடு. அந்த இடைவெளியில் ரத்தம் ஏற்றியாக வேண்டும். வருஷத்துக்குப் பதினேழு தடவை. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம். சொந்தத்தில் எத்தனை பேரைத்தான் கேட்பது? என் நம்பரைப் பார்த்தாலே கொழுந்தனார் போனை எடுக்க மாட்டார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியாது.

மே மாதம் இன்னும் மோசம். காலேஜ் லீவு, முகாமே இருக்காது. இப்போது நாங்கள் போகும் ரத்த வங்கியில் பதில் ஆள் கேட்பதில்லை. அவர்களுக்கு வருஷம் முழுக்கக் கொடுக்கிற டோனர்கள் இருக்கிறார்கள். பையில் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். “இன்னைக்கு யாரும்மா குடுத்தாங்க?” என்று மகள் கேட்பாள். காலேஜ் அண்ணன், பஸ் கண்டக்டர் மாமா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தான்:

இதெல்லாம் வாசிக்கப் புதினமாக இருக்கிறது. அம்மாவுக்கு இங்கே ஒப்பரேசன் நடந்தபோது இரத்தம் ஏற்றினார்கள். ஆள் கொண்டுவாங்கோ என்று ஒருவரும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. இலங்கையில் 2014 இலிருந்து சேர்கிற இரத்தம் முழுக்கத் தன்னார்வமாகக் கொடுப்பதுதான். கொழும்பு நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையம். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் இரத்த வங்கிகள் அந்த ஒரே சேவையின் கீழ் வருகின்றன.

தெற்கில் வெசாக், பொசன் காலத்தில் விகாரைகளில் முகாம் வைப்பார்கள். நாங்கள் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஊர்ச் சனசமூக நிலையத்தில் வைத்தோம். கனடாவில் இருக்கிற அண்ணா மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டில், பெட்டி எல்லாவற்றோடும் வாகனம் வந்தது. “திவசத்தண்டு இரத்தமோ?” என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தா. பிறகு பார்த்தால், கட்டிலால் எழும்பி வருகிற பெடியங்களுக்கு மைலோ பைக்கற்றை உடைத்துக் கொடுத்துக்கொண்டு நின்றதே அவதான்.

கோவை ஐடி பையன்:

எனக்குப் பெரிய கதை இல்லை. வாட்ஸ்அப்பில் ‘ஓ நெகட்டிவ் அவசரம்’ என்று வந்த நம்பருக்கு ஆபீஸ் லிஃப்ட் வாசலில் நின்றே போன் போட்டேன். எடுத்தவர் சிரித்துவிட்டார். நோயாளி வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிறதாம். இப்போது நேராக ரத்த வங்கிக்கே போய்விடுகிறேன்.

லேப் ஐயாவிடம் ஒரு சந்தேகம். போன முகாமில் எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். இதுவும் கூலி கணக்கில் வருமா?

பழைய லேப்காரர்:

தம்பி, நல்ல கேள்வி. காசில்லாத தானத்தைத்தான் வளர்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார சபை 1975-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஜூஸ், பிஸ்கட், சின்ன நினைவுப் பொருள், பஸ் செலவு இதெல்லாம் கூலி ஆகாது. அந்தப் பொருளுக்காகவே ஒருவர் வர ஆரம்பித்தால்தான் சிக்கல். ஹெல்மெட் என்னைக் கேட்டால் எல்லையில் நிற்கிறது.

எனக்கு ஹெல்மெட்டைவிட தேதிதான் பெரிய தலைவலி. ஜூன் 14 உலக ரத்த தான தினம், அக்டோபர் 1 நம் தேசிய ரத்த தான தினம், அப்புறம் தலைவர்கள் பிறந்தநாள் என்று ஒரே நாளில் வந்து குவித்துவிடுவார்கள். சிவப்பணுவை அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணு (பிளேட்லெட்) ஐந்தே நாள்தான். அதையும் ஆட்டிக்கொண்டே இருக்கிற மெஷினில் வைக்க வேண்டும். தேதி முடிந்த பையைத் தூக்கிப் போடும்போது வயிறு எரியும். அந்த அம்மா சொன்ன மே மாதத்தில் அலமாரி காலியாகக் கிடக்கும். உங்களுக்கு 18 வயது ஆகி, எடை 45 கிலோவுக்கு மேல் இருந்தால், பிறந்தநாள் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். அரை மணி, முக்கால் மணி நேர வேலை.

ஹெல்மெட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அப்படி ஒரு முகாமில் ஒருவர் படுக்கையில் ஏறிச் சட்டைக் கையை மடித்தார். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு இன்னும் ஆறவில்லை. கேட்டால், போன வாரம் பக்கத்து ஊர் முகாமில் கொடுத்தாராம். மூன்று மாதம் கழித்து வாங்க என்று இறக்கிவிட்டோம். “சரி சார், ரத்தம் வேண்டாம்னா விடுங்க. சம்சாரத்துக்கு ஒரு ஹெல்மெட் வேணும், அதை மட்டும் குடுங்க” என்றார். கொடுக்கவில்லை.