கமிட்டிக் கணக்கு: எனக்கு 168 வருகிறது, விடை 115 என்கிறார்கள். அவசரம்!

ரோஸ்ஹில்_மாணவி:
நாளைக் காலையில் டெஸ்ட், யாராவது பாருங்களேன். கோர் தெ கார்த் மலைக் கோவில் காவடிக்கு நாலு பேர் கொண்ட கமிட்டி, அதில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கேள்வி. முதலில் இரண்டு பெண்களை எடுத்துவிட்டு, மீதி இருப்பவர்களில் யாராவது இரண்டு பேரை எடுத்தேன். விடைத்தாள் தப்பா?

வாக்வா_குமரன்:
மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பெண்கள்? அதைச் சொல்லவே இல்லையே தங்கச்சி.

போபாசென்_செல்வா:
தலைவர், செயலாளர் என்று பதவி உண்டா? வரிசைதான் பிரச்சினை. நாலு பேரை 24 வரிசைகளில் அடுக்கலாம், அதனால் 24-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ரோஸ்ஹில்_மாணவி:
மன்னிக்கவும், 6 ஆண்கள், 4 பெண்கள். பதவி எதுவும் இல்லை. 24-ஆல் வகுத்தால் 7தான் வருகிறது.

கணக்கு_ஐயா:
முதல் மாதமே நடத்தும் பாடம் இது. டெஸ்டுக்கு முந்தின ராத்திரி வந்து கேட்கிற பழக்கத்தை விடம்மா. 10 பேரில் 4 பேரை எடுக்கும் வழிகள் மொத்தம் 10சி4 = 210. பெண்ணே இல்லாதவை 15, ஒரே ஒரு பெண் உள்ளவை 4 × 20 = 80 (பெண்ணை எடுக்க 4 வழி, மூன்று ஆண்களை எடுக்க 20 வழி). இரண்டையும் கழி, 115. விடைத்தாள் சரி.

வாக்வா_குமரன்:
ஐயா, தன் வழி ஏன் தப்பு என்றுதானே அவர் கேட்கிறார்.
தங்கச்சி, வள்ளி, மீனா, தேவி, ராஜா என்று ஒரு கமிட்டி வைத்துக்கொள். முதலில் வள்ளியையும் மீனாவையும் எடுத்து அப்புறம் தேவி, ராஜாவைச் சேர்த்தாலும், முதலில் மீனா, தேவி, அப்புறம் வள்ளி, ராஜா என்றாலும் அதே நாலு பேர்தான், ஆனால் நீ தனித்தனியாக எண்ணிவிடுகிறாய். மூன்று பெண்கள் உள்ள 24 கமிட்டிகளும் இப்படி மும்மூன்று முறை வருகின்றன. நாலு பேருமே பெண்களாக உள்ள ஒரே கமிட்டி 6 முறை. சரியாக இரண்டு பெண்கள் உள்ள 90 மட்டும் ஒரே முறை. 90 + 72 + 6 = 168, உன் எண் அப்படியே வந்துவிட்டது பார். செல்வா சொன்ன வரிசை ‘முதலில்’, ‘அப்புறம்’ என்ற இடத்தில் ஒளிந்திருந்தது, 24-ஆல் வகுத்தால் போகாது.

போபாசென்_செல்வா:
அதைத்தானே நானும் சொன்னேன்! பைத்தான் நிரல் மொழியில் நாலைந்து வரி எழுதினால் 210-ஐயும் பட்டியல் போட்டு எண்ணிவிடலாம், சந்தேகமே வராது.

கணக்கு_ஐயா:
பட்டியல் போடுவது நிரூபணம் ஆகாது தம்பி. 40 பேரில் 20 பேர் என்றால் 13,784 கோடிக்கு மேல், அதையும் எண்ணுவாயா?

போபாசென்_செல்வா:
பெரிய கணக்குக்கு யார் சொன்னார்கள் ஐயா? சின்ன எண்களில் ஓட்டிப் பார்த்தால் வழி தப்பு என்று உடனே தெரிந்துவிடும். முழுப் பட்டியலில் ஒவ்வொன்றையும் எண்ணினால் அது ஏன் நிரூபணம் ஆகாது?

ரோஸ்ஹில்_மாணவி:
மும்மூன்று முறை எண்ணியது புரிந்தது. நன்றி குமரன் அண்ணா, படிக்கப் போகிறேன்.

கணக்கு_ஐயா:
செல்வா, அந்த நிரலே சரி என்று முதலில் நிரூபித்துக் காட்டு.