ஐரிஷ் நடனத்து ‘ஹார்ட் ஷூ’வுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள்)

வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்கு ஐரிஷ் நடனக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன். அதில் இரண்டு காலணி வருகிறது. ஸ்லிப் ஜிக் என்ற ஆட்டத்துக்குக் கயிறு கட்டிய மெல்லிய தோல் காலணி. அதற்கு ‘மென்காலணி’ என்று எழுதிவிட்டேன். ஹார்ன்பைப் என்ற ஆட்டத்துக்குக் கனத்த காலணி. அதன் நுனியிலும் குதிகாலிலும் இப்போது ஃபைபர் கிளாஸ் கட்டை வைக்கிறார்கள், தரையைத் தட்டித் தாளம் எழுப்ப. இதை ‘வன்காலணி’ என்றால் அடிதடி மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?
- க.

எதற்குத் தேடவேண்டும்? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொன்றில் மாயவளின் மரக்கால் ஆடல் இருக்கிறதே! ‘மரக்கால்’ என்றே போடுங்கள்.
- பு.

ஐயா, அது பொய்க்கால். அந்தக் கட்டை உயரத்துக்கு, இந்தக் கட்டை ஓசைக்கு. பிள்ளைகளுக்கு மரக்கால் என்றால் நெல் அளக்கிறதுதான், அதுவும் தாத்தா சொல்லியிருந்தால். நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். நமக்குச் சதங்கை செய்கிற வேலையை அவர்களுக்குச் செருப்பே செய்கிறது. ‘கொட்டுச்செருப்பு’ எப்படி?
- ம.

செருப்பு என்றதும் வசவு ஞாபகம் வருகிறதே அம்மா. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் காலில் கிடப்பது ‘தொடுதோல்’. அந்த வழியில் ‘கொட்டுதோல்’ எனலாம்.
- சே.

அது மத்தளம்!
- ம.

ஹார்ட் ஷூ என்றே விடுங்கள். யூடியூபில் தேடுகிற பிள்ளைக்கு அதுதான் உதவும். தூய்மை பேசுகிறவர்களுக்கு ஒரு கதை. ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் 1893இல் தொடங்கியது. பிரெஞ்சு குவாட்ரில் ஆட்டத்திலிருந்து வந்தது என்று, ஜோடிகள் சேர்ந்து ஆடும் செட் நடனங்களை அந்நியம் என ஒதுக்கியது, ஊரெல்லாம் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தபோதும். ‘கெய்லி’ என்கிற அவர்களுடைய முதல் நடனவிருந்து நடந்ததோ 1897இல், லண்டனில்! நடனத்துக்கு ஐரிஷில் உள்ள ‘டவ்சா’ என்ற சொல்லே பிரெஞ்சு வழி வந்ததுதான்.
- இ.

சொல் கடன் என்பதால் ஆட்டமும் கடனாகிவிடாது. அயர்லாந்தின் மேற்கே கானமாராவில் ஷான்-நோஸ் என்ற பழைய பாணி ஆடுகிறவர்கள் கையைத் தளர விட்டு, தரையை ஒட்டி, நினைத்தபடி தட்டுவார்கள். போட்டியில் கையை உடம்போடு ஒட்டி நிற்பதுதான் முறை. எது தூய ஐரிஷ், சொல்லுங்கள் பார்ப்போம்? மரக்காலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
- பு.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும்: 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடனம் ஏழு நிமிடம் ஆடினார்களே, அதில் வரிசையாக நின்று தட்டும்போது எழுந்த ஓசையை ‘கொட்டு’ என்பதா ‘தட்டு’ என்பதா? தேளும் கொட்டும்.
- சே.

சரி, ‘தட்டுக்காலணி’ என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் பரவாயில்லை என்றார்கள். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் ஹார்ட் ஷூ என்றும் இருக்கும், இ. கோபிக்காமல் இருக்க.

அப்புறம் இன்னொன்று. போட்டியில் பெண்பிள்ளைகள் சுருட்டை சுருட்டையாக ஒரு விக் வைத்துக்கொள்கிறார்கள். ‘பொய்ம்முடி’ என்று எழுதியதை ஆசிரியர் ‘டோப்பா’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலைக்குள் யாராவது?
- க.

சவரி?
- ம.

சவரி பின்னலோடு சேர்ப்பது அம்மா, இது தலையோடு கவிழ்ப்பது. ‘முடி’ என்றால் கிரீடமும்தான். புறநானூற்றில்…
- பு.