ஞாயிற்றுக்கிழமை தயார் செய்வது புதன்கிழமையே கெட்டுப்போகிறது, எங்கே தவறு?

கேள்வி:
மைதா, பாக்கெட் நொறுக்குத்தீனியை நிறுத்திவிட்டு சிறுதானியம், பயறு, காய் என்று மாறியிருக்கிறோம். இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறன்றே வரகு சோறு, வேகவைத்த கொண்டைக்கடலை, வரகு இட்லி மாவு, நறுக்கிய காய் எல்லாம் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். செவ்வாய்க்குள் சோறு விறைத்துவிடுகிறது. புதனன்று கடலை கொழகொழக்கிறது, மாவும் புளித்துவிடுகிறது. கம்பு மாவு கசக்கிறது. என்ன மாற்ற வேண்டும்?

பதில் 1:
சோற்றை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகும், அதனால்தான் விறைக்கிறது. வரகை அரை மணி ஊறவைத்து, ஒரு தம்ளருக்கு இரண்டரை தம்ளர் தண்ணீர் வைத்தால் கால் மணியில் வெந்துவிடும். அன்றன்று வடிப்பதே நல்லது. மிஞ்சினால் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டுங்கள்.

கடலை கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது ஆறும் விதம். குக்கரோடு மூடி வைத்தால் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும், கிருமி பெருக அதுவே போதும். 8-10 மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் 4-5 விசில் விட்டு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கடியில் அரை மணி ஆறவிடுங்கள். செவ்வாய் வரைக்கு வேண்டியது மட்டும் ஃப்ரிட்ஜில், மற்றது ஒருவேளை அளவு டப்பாக்களில் ஃப்ரீசரில்.

மாவு: 3 கப் வரகு, 1 கப் உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். பொங்கியதும் கிளறாமல் உடனே ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். ஒரே பாத்திரத்தைத் தினமும் வெளியே எடுத்து வைத்தால் மீண்டும் மீண்டும் புளிக்கும், அதனால் மூன்று டப்பாவாகப் பிரித்துவிடுங்கள்.

கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் காற்றுபட்டுக் காறல் வாடை வரும். தானியமாக வாங்கி, அரை கிலோ மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பதில் 2:
காய்க்கு எதிரி ஈரம். கழுவி, துணியில் நன்றாகத் துடைத்து உலர்த்தின பிறகுதான் நறுக்க வேண்டும். டப்பாவின் அடியில் ஒரு உலர்ந்த துணி போடுங்கள். கீரையை நறுக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்: வேரை வெட்டி, துணியில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள்.

சமைக்கும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். திங்கள், செவ்வாய் கீரை. புதன் பீன்ஸ், அவரை. வியாழன், வெள்ளி பீட்ரூட், கேரட், முழுதாக வைத்த பூசணி. வாழைத்தண்டு வாங்கினால் நறுக்கியதும் நீர்மோரில் போடுங்கள், கறுக்காது. ஆனால் அதை அன்றே சமைத்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, கம்பு விஷயம் இப்போதுதான் தெரிகிறது. தேங்காய்த் துருவலும் சட்னியும் எத்தனை நாள் தாங்கும்?

பதில் 1:
சட்னி அன்றைக்கு மட்டும். துருவலைத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம். அரைக்கும் முன் வெந்நீர் இரண்டு கரண்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொழுப்பு திரிந்து சட்னி திப்பிதிப்பியாக நிற்கும்.