மென்பொருள் வந்தும் பிரேக்டவுன் குறையவில்லை: நம்பகத்தன்மைத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உப்பங்காற்று (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட் வளாகத்தில் நடுத்தர அளவிலான ரசாயன ஆலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக மெக்கானிக்கல் பராமரிப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு சொத்து மேலாண்மைக்கும் நம்பகத்தன்மைக்கும் எனத் தனிப்பிரிவு தொடங்கி, என்னைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். பராமரிப்பு மென்பொருள் வாங்கினோம். அறுநூறுக்கும் மேற்பட்ட இயந்திரங்களுக்கு எண் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தடுப்புப் பராமரிப்பு அட்டவணை போட்டோம். இப்போது மாத அறிக்கையில் 92 சதவீதம் முடிந்ததாக வருகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறைந்தபாடில்லை. குறிப்பாக, கரைப்பான் பம்ப் ஒன்று பதினொரு மாதங்களில் ஐந்து முறை பேரிங் போய் நின்றுவிட்டது. ஐந்து முறையும் பேரிங்கை மாற்றி ஓட்டிவிட்டோம்.

அடுத்து ஐ.எஸ்.ஓ. 55001 (சொத்து மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை) சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது நிர்வாகம். உற்பத்திப் பிரிவோ இயந்திரத்தை நிறுத்தித் தரவே மறுக்கிறது. என்னிடம் இருப்பவர்கள் இரண்டு இளம் பொறியாளர்கள் மட்டுமே. ஃபிட்டர்கள் யாரும் என் பிரிவில் இல்லை. இந்த நிலையில் எதை முதலில் கையில் எடுப்பது? இத்தகைய திட்டத்தை நடத்திக் காட்டியவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: முந்திரிக்காடு (பண்ருட்டி)

தம்பிக்கு வணக்கம். அனல்மின் நிலையத்திலும் பிறகு ரசாயன ஆலையிலுமாக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்த 92 சதவீதத்தைச் சற்றுக் கிளறிப் பாருங்கள். ஒவ்வொரு வேலை ஆணையும் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் மூடப்பட்டது என்பது மென்பொருளிலேயே பதிவாகியிருக்கும். மாதக் கடைசி இரண்டு நாட்களில் கொத்தாக மூடப்பட்டிருந்தால், வேலை கணினியில்தான் நடந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது அந்தப் பம்ப். "பேரிங் மாற்றப்பட்டது" என்று எழுதினால் என்ன செய்தோம் என்பது தெரியும். பேரிங் ஏன் போனது என்பது தெரியாது. கழற்றிய ஐந்து பேரிங்குகளும் இப்போது எங்கே இருக்கின்றன? பழைய இரும்போடு போயிருக்கும். அடுத்த முறை அதைத் துணியில் சுற்றி உங்கள் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, அறுத்துப் பாருங்கள். குண்டு உருண்ட தடம் வளையத்தின் விளிம்புக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால் ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லை. பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. தடத்தின் குறுக்கே சலவைப் பலகை போல வரிவரியாக இருந்தால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்திருக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கடலோர ஆலை ஒன்றில் இதேபோல் ஒரு பம்ப் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. லேசர் அலைன்மென்ட் (லேசர் கருவியால் ஷாஃப்ட்டுகளை நேர்கோட்டில் நிறுத்துவது) செய்தோம், வேறு நிறுவனத்தின் பேரிங்கைப் போட்டோம், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் நானே பக்கத்தில் நின்றுகொண்டு டிஸ்சார்ஜ் ஃபிளான்ஜின் (திரவம் வெளியேறும் பக்கத்தில் பைப்பைப் பம்ப்போடு இணைக்கும் வளையம்) போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னேன். கடைசி போல்ட் வெளியே வந்ததும் பைப் விருட்டென்று பக்கவாட்டில் ஒரு விரற்கடை விலகி நின்றது. "எப்போதும் செயின் பிளாக் போட்டு இழுத்துத்தான் சார் போல்ட் மாட்டுவோம்" என்றார் ஃபிட்டர், மிக இயல்பாக. உப்புக்காற்றில் பைப் சப்போர்ட்டின் அடித்தகடு அரித்துப்போய், பைப்பின் பாரம் முழுவதையும் பம்ப்பே தாங்கிக்கொண்டிருந்தது. பேரிங்கின் மீது சுமை இரட்டிப்பானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது கணக்கு. அந்த ஃபிட்டருக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி எங்கள் கோப்புகள் எதிலும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே அறுநூறு இயந்திரங்களையும் விட்டுவிட்டு, சென்ற ஆண்டு அதிக இழப்பு ஏற்படுத்திய பத்தை மட்டும் எடுங்கள். ஃபிட்டர்கள் உங்கள் பிரிவில் இல்லாதது ஒரு குறையே அல்ல. ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் அவர்களோடு நின்று தேநீர் குடிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அட்டவணையைப் பற்றியும் ஒரு சொல். 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில், ஆராயப்பட்ட விமான பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் இயல்பைக் காட்டின என்றும், 68 சதவீதம் புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாயின என்றும் கண்டார்கள். விமானக் கணக்கை அப்படியே நம் ஆலைக்குக் கொண்டுவர முடியாது. அமிலம் ஓடும் குழாய் வயதானால் மெலியத்தான் செய்யும். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தேதி வந்துவிட்டது என்பதற்காகத் திறந்து, நாமே பழுதை உள்ளே வைத்து மூடுகிறோம் என்பது இங்கும் பொருந்தும். உங்கள் அட்டவணையில் எத்தனை வேலைகளை அதிர்வு, வெப்பம், எண்ணெய்ச் சோதனை என்று ஓட்டத்திலேயே பார்க்கும் வேலைகளாக மாற்ற முடியும் என்று பாருங்கள்.

பதில்: பேட்ச் எண் ஏழு (புதுச்சேரி)

நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள மருந்து ஆலை ஒன்றில் உற்பத்திப் பொறுப்பில் இருப்பவன், அதாவது இயந்திரத்தைத் தர மறுக்கும் தரப்பு. பெரியவர் சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். இருப்பினும் எங்கள் பக்கத்து நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் என்று கேட்டு வாங்கிய ரியாக்டரை ஒருமுறை பதினொரு மணி நேரம் கழித்துத் திருப்பித் தந்தார்கள்; காரணம், திறந்த பிறகுதான் உரிய அளவு கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) ஸ்டோர்ஸில் இல்லை என்பது தெரியவந்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லவே எனக்கு மனம் வருகிறது.

பின்னர் எங்கள் பராமரிப்புத் தலைவர் ஒரு சிறிய வழக்கத்தைக் கொண்டுவந்தார். வேலைக்குத் தேவையான உதிரிபாகம், கேஸ்கெட், போல்ட், சிறப்புக் கருவி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து, வேலை அனுமதிச் சீட்டின் வரைவோடு முதல் நாளே இயந்திரத்தின் அருகில் வைத்துவிடுவார். பெட்டி நிறையாமல் நேரம் கேட்கவே மாட்டார். சொன்ன நேரத்தில் ஐந்தாறு முறை திருப்பித் தந்த பிறகு, இரண்டு பேட்ச்சுகளுக்கு இடையே கழுவும் நேரத்தை நானே முன்வந்து தரத் தொடங்கினேன். இன்னொன்று: நிர்வாகத்திடம் பேரிங் விலையைச் சொல்லாதீர்கள், ஒரு பேட்ச் கெட்டால் என்ன நட்டம் என்பதை ரூபாயில் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எங்களிடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பதில்: பின் கார்டு (கடலூர் முதுநகர்)

ஸ்டோர்ஸில் இருப்பவன் என்பதால் சுருக்கமாக. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, நனைந்த மோட்டார்களுக்கு மாற்றாக ஸ்டோர்ஸில் இருந்தவற்றை எடுத்தோம். அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் ஷாஃப்ட்டைத் திருப்பாமல் கிடந்தவை. மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் ஈரம் ஏறிக் கிடந்தது. கையிருப்புப் புத்தகத்தில் அவை எல்லாம் "நல்ல நிலை". ஓடாமல் மாற்றாக நிறுத்தி வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை பம்ப்பும் அப்படித்தான், பக்கத்து இயந்திரத்தின் அதிர்விலேயே நின்ற இடத்தில் பேரிங் குழி விழும். சான்றிதழைப் பொறுத்தவரை, 2014-இல் வந்து 2024-இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை, ஒரு இயந்திரத்தை வாங்குவது முதல் கழிப்பது வரை எல்லா முடிவுகளையும் கேட்கும். மிகக் குறைந்த விலைக்கு மெக்கானிக்கல் சீல் (பம்ப் ஷாஃப்ட்டில் கசிவைத் தடுக்கும் பாகம்) வாங்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தாமல் தணிக்கையாளரைக் கூப்பிட வேண்டாம்.

உப்பங்காற்று (கடலூர்), ஒன்பது நாட்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. மென்பொருளில் பார்த்தேன்; சென்ற மாதம் மூடப்பட்ட வேலைகளில் பாதிக்கும் மேல் 29, 30 ஆகிய இரு தேதிகளில், அதுவும் மாலை நான்கு மணிக்கு மேல் மூடப்பட்டவை. யாரையும் கண்டிக்கவில்லை, அந்த அட்டவணையைத் தயாரித்தவனே நான்தான். இரவு ஷிப்ட் ஃபிட்டர் ஒருவரிடம் கரைப்பான் பம்ப்பைப் பற்றிக் கேட்டேன். பைப் விலகவில்லை என்றும், ஆனால் டேங்கில் மட்டம் இறங்கும்போது பம்ப்புக்குள் கூழாங்கல் உருள்வது போல் சத்தம் வரும் என்றும் சொன்னார். பம்ப்புக்குள் போதிய திரவம் வரவில்லை என்பதன் அறிகுறி அது. திரவம் நுழையும் சக்ஷன் பக்கத்து ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) எட்டு மாதங்களாகத் திறக்கப்படவில்லை. அந்த ஸ்ட்ரெய்னர் எங்கள் அறுநூறு எண்களில் ஒன்றாகவே இல்லை. பெட்டியைத் தயார் செய்து, ஞாயிறு காலை ஆறு முதல் பத்து மணி வரை கேட்டிருக்கிறேன். உற்பத்தித் தலைவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன், கையெழுத்திட்டார்.